மயில் கழுத்துப் புடவை படத்தில் வெறும் நீலமாகிறது: கடைக்குப் படம் எடுத்துத் தருபவரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

எம்சிரோடுஜவுளி

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் எங்கள் கடை இருக்கிறது. தாத்தா காலத்திலிருந்து புடவை வியாபாரம். கடைக்கு வருபவர்களுக்குப் படம் தேவையில்லை. புடவையைப் பிரித்துப் போட்டு, முந்தியைத் தோளில் வைத்துக் காட்டிவிட்டால் அதுவே பேசும். இரண்டு ஆண்டுகளாக வெளியூர்க்காரர்களுக்கு வாட்ஸ்அப்பிலும் ஓர் இணையச் சந்தையிலும் விற்கிறோம். சிக்கல் அங்கேதான்.

போன ஆடித் தள்ளுபடிக்கு ஒரு ஸ்டூடியோவை அமர்த்தி 60 புடவைகளைப் படம் எடுத்தோம். அவர்கள் காட்டிய பழைய ஆல்பங்களைப் பார்த்து மயங்கித்தான் கொடுத்தோம். வந்த படங்களும் பளபளவென்று இருந்தன. ஆனால் மயில் கழுத்து நிறம் வெறும் நீலமாகிவிட்டது. அரக்கு பழுப்பாகத் தெரிந்தது. அனுப்பிய 9 மயில் கழுத்துப் புடவைகளில் 5 திரும்பி வந்தன. திருநெல்வேலியிலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில், "தம்பி, நிச்சயதார்த்தத்துக்கு நீலம் கட்டலாம் என்று நம்பி வாங்கினேன், பெட்டியைத் திறந்தால் பச்சை அடிக்கிறது" என்றார். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. அப்பா அன்று முழுக்கக் கல்லாவில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். சாயம் போனது, நிறம் மாறியது என்று எங்கள் கடைமீது யாரும் குறை சொன்னதில்லை என்பது அவருடைய பெருமை.

தீபாவளிக்கு முன் 150 புடவைகளை மறுபடி எடுக்க வேண்டும். மூன்று இடங்களில் விலை கேட்டேன். ஒருவர் புடவைக்கு 180 ரூபாய் என்கிறார். ஒருவர் படத்துக்கு 60 ரூபாய் என்கிறார். இன்னொருவர் நாளுக்கு 9,000 ரூபாய். எதை எதோடு ஒப்பிடுவது என்றே புரியவில்லை. மொத்த வியாபாரிகளுக்கு டேப்லெட்டில் காட்டவும், அச்சிட்ட கேட்லாக் கொடுக்கவும் இதே படங்கள் வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பெரம்பூர்தையல்

ஸ்டூடியோவே வேண்டாம் அண்ணா. நான் குர்த்தி தைத்து விற்கிறேன். மொட்டைமாடி அறையில் ஜன்னல் ஓரம், வெள்ளைத் துணி, போன் கேமரா. ஒரு குறையும் வந்ததில்லை.

கண்ணாடிவில்லை

ராயபுரத்தில் 22 ஆண்டுகளாகப் படம் எடுக்கும் தொழிலில் இருக்கிறேன். முதல் 10 ஆண்டுகள் கல்யாணங்கள். இப்போது முழுக்கச் சரக்குப் படங்கள். என் தொழில் என்பதால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கை சொல்வது அவருடைய துணிக்குச் சரி. ஒரே நிறப் பருத்தித் துணியை ஜன்னல் வெளிச்சத்தில் போனே நன்றாக எடுக்கும். மயில் கழுத்து அப்படியில்லை. பாவு (நீளவாக்கில் ஓடும் நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கே ஓடும் நூல்) வேறு நிறம். நீலப் பாவில் பச்சை ஊடை ஓடும்போது, பார்க்கும் கோணத்தைப் பொறுத்து ஒரு நிறம் மேலே வரும், மற்றது ஒளிந்துகொள்ளும். கடையில் நீங்கள் புடவையை உதறிக் காட்டும்போது வாங்குபவர் இரண்டையும் பார்க்கிறார். நேராக விளக்கடித்து நேராக ஒரே படம் எடுத்தால் கேமரா ஒன்றைத்தான் பார்க்கும். உங்களுக்கு எடுத்தவர் அப்படித்தான் செய்திருப்பார். அந்த அம்மா பார்த்த நீலம் அந்தப் புடவையில் இருந்த நீலம்தான். கூட இருந்த பச்சையை யாரும் அவருக்குக் காட்டவில்லை.

ஆகவே உங்கள் கேள்வியையே சற்றுத் திருப்புகிறேன். எந்த ஸ்டூடியோ அழகாக எடுக்கிறது என்று பார்க்காதீர்கள். உங்கள் கடையில் எடுக்கவே முடியாத உருப்படியை யார் சரியாக எடுக்கிறார் என்று பாருங்கள். அவர்களுடைய ஆல்பத்தில் இருப்பது அவர்களுக்கு நன்றாக வந்த பொருள். உங்களுடைய தொல்லை பிடித்த பொருள் அதில் இருக்காது. நீங்களே மூன்று புடவைகளைத் தேர்ந்தெடுங்கள்: ஒரு மயில் கழுத்து, ஒரு ராணி நிறம், அகலமான ஜரிகைக் கரை போட்ட கறுப்பு ஒன்று. கூலி கொடுத்தே மூன்று இடத்திலும் சோதனைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். வந்த படத்தையும் புடவையையும் வாசல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அப்பாவைப் பார்க்கச் சொல்லுங்கள். அவருடைய கண்ணுக்கு மேல் வேறு கருவி எதுவும் வேண்டாம்.

ராணியும் கறுப்பும் ஏன் என்று கேட்பீர்கள். ராணி நிறச் சாயங்கள் சில ஒளியை வாங்கிப் பளிச்சென்று உமிழும். கேமராவும் திரையும் காட்டக்கூடிய எல்லைக்கு வெளியே அந்த நிறம் போய்விடும். மடிப்பெல்லாம் அழிந்து ஒரே இளஞ்சிவப்புக் குழம்பாக நிற்கும். கவனமான ஆள் வெளிச்சத்தைக் குறைத்து மடிப்பைக் காப்பாற்றுவார். கறுப்பில் சிக்கல் வேறு. செயற்கை இழைக் கறுப்புத் துணிகள் சில, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைத் திருப்பி அனுப்புகின்றன. கேமரா அதைப் பிடித்துக்கொண்டு கறுப்பைச் செம்பழுப்பாகக் காட்டும். உங்கள் ஜவுளி சுத்தப் பட்டா, கலப்பா என்று எடுப்பவர் கேட்கிறாரா பாருங்கள். கேட்டால் அவருக்குத் துணி தெரியும்.

இரண்டு விஷயங்களை நேரடியாகக் கேட்டுவிடுங்கள். "முதல் படத்தில் சாம்பல் அட்டை வைப்பீர்களா?" அந்த அட்டையை வைத்துத்தான் வெள்ளைச் சமநிலையை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி படத்தின் நிறத்தை, நம்பிச் சரிசெய்ய முடியும். அது இல்லாமல் கணினியில் கண்ணளவில் சரிசெய்தால் ஒவ்வொரு புடவையும் ஒவ்வொரு திசையில் இழுக்கும். அடுத்து, "விளக்கின் நிறக் காட்டுத்திறன் எண் (சிஆர்ஐ) எவ்வளவு?" அந்த வெளிச்சத்தில் நிறங்கள் எவ்வளவு உண்மையாகத் தெரியும் என்பதற்கு 100க்குப் போடும் மதிப்பெண் அது. 95க்கு மேல் இருந்தால் நல்லது. கடைகளில் போடும் சாதாரண எல்இடி விளக்குகள் பல 80ஐ ஒட்டி நிற்கும். ஆழ்ந்த சிவப்பு அதில்தான் முதலில் செத்துப்போகும். உங்கள் அரக்கு பழுப்பானதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

கல்யாண ஸ்டூடியோக்களைக் குறைத்துச் சொல்லவில்லை, நானும் அங்கிருந்து வந்தவன்தான். ஆனால் அங்கே கை பழகுவது முகத்தை மஞ்சள் கலந்து மலர வைக்க. புடவையின் நிறத்தைத் தொடாமல் விடுவதற்குக் கையை மறுபடி பழக்க வேண்டும். எனக்கே இரண்டு ஆண்டுகள் ஆயின.

பெரம்பூர்தையல்

ஐயா, இதைப் படித்தபின் என் படங்களை எடுத்துப் பார்த்தேன். பிற்பகலில் எடுத்தவற்றில் வெள்ளைத் துணியே லேசாகப் பச்சையாக இருக்கிறது. எதிர்வீட்டுச் சுவர் பச்சை. இத்தனை நாள் இதைக் கவனிக்கவே இல்லை.

கண்ணாடிவில்லை

நம் பக்கத்துக் குறுகிய தெருக்களில் அது இருக்கவே செய்யும். மதியத்துக்குமேல் வெயில் எதிர்ச்சுவரில் பட்டுத்தான் வீட்டுக்குள் வருகிறது. காலையில் எடுங்கள், அல்லது ஜன்னலுக்கு வெளியே வெள்ளைத் துணியைக் கட்டுங்கள்.

மிண்ட்தெருநகை

சௌகார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்குத் தலைவலி நிறத்தைவிட அளவுதான். 4 கிராம் கம்மலைத் திரை முழுக்கப் பெரிதாகக் காட்டினால், வாங்குபவர் அதை ஜிமிக்கி என்று நினைத்துக்கொள்கிறார். கையில் வந்ததும் "இவ்வளவு சிறியதா?" என்கிறார். எடை எழுதியிருக்கிறது, மில்லிமீட்டரும் எழுதியிருக்கிறது. யாரும் படிப்பதில்லை, படத்தைத்தான் நம்புகிறார்கள். இப்போது ஒவ்வொரு நகைக்கும் இரண்டாவது படம் காதில் அல்லது விரலில் போட்டு எடுத்தது. அதைத் தொடங்கியபின் அந்தப் புகார் ஏறக்குறைய நின்றுவிட்டது.

ஸ்டூடியோவைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது ஒன்று. தங்கம் கண்ணாடி மாதிரி. அறையில் இருப்பதெல்லாம் அதில் தெரியும். எடுப்பவருடைய சட்டை வண்ணம்கூட வளையலில் விழும். தங்கத்துக்குப் பரவிய வெளிச்சம் வேண்டும், ஓரம் தெரியக் கறுப்பு அட்டை வைக்க வேண்டும். கல்லுக்கோ குறுகிய கூர்வெளிச்சம் இருந்தால்தான் மின்னும். கல் பதித்த நகையை ஒரே வெளிச்சத்தில் எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் நான் கொடுப்பதில்லை. இரண்டாக எடுத்துச் சேர்ப்பவருக்குத்தான் கொடுக்கிறேன். அருகில் வைத்து எடுக்கும்போது முன்பக்கக் கல் தெளிவாக இருந்தால் பின்பக்கம் மங்கும். ஆகவே குவியத்தை நகர்த்தி நகர்த்திப் பல படங்கள் எடுத்து அடுக்க வேண்டும். நேரம் பிடிக்கும் வேலை. கூலியைக் குறைத்துக் கேட்கக் கூடாது.

எம்சிரோடுஜவுளி

எல்லோருக்கும் நன்றி. கண்ணாடிவில்லை ஐயா, மூன்று விதமாக விலை சொல்கிறார்களே, அதைப் பற்றி?

கண்ணாடிவில்லை

ஒரு புடவைக்கு எத்தனை படங்கள் வேண்டும் என்று முதலில் நீங்கள் முடிவுசெய்யுங்கள். முழு உடல், முந்தி, கரை அருகில், ரவிக்கைத் துணி, மயில் கழுத்துக்கு இன்னொரு கோணம். ஐந்து வரும். அப்படியென்றால் படத்துக்கு 60 என்பது புடவைக்கு 300. புடவைக்கு 180 என்பவர் எத்தனை கோணம் தருகிறார்? இரண்டே என்றால் அது மலிவு இல்லை. நாள் கூலிக்காரர் ஒரு நாளில் எத்தனை புடவை எடுப்பார் என்பது, மடித்துப் பிரித்துக் கொடுக்க உங்கள் பக்கம் எத்தனை ஆள் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. சுருக்கம் எடுத்துத் தேய்த்துத் தர ஒருவர், பொம்மைக்குக் கட்ட ஒருவர், எண் எழுதி வைக்க ஒருவர் இருந்தால் நாள் கூலி உங்களுக்கு லாபம். ஆள் இல்லையென்றால் நஷ்டம்.

பின்னணி நீக்குவது, நிறம் தவறினால் மறுபடி எடுப்பது, 18 சதவீத ஜிஎஸ்டி ஆகியவை விலைக்குள் அடக்கமா என்று எழுதி வாங்குங்கள். மறுபடி எடுப்பதுதான் முக்கியம். "நிறம் சரியில்லையென்றால் கூலியில்லாமல் மறுபடி எடுத்துத் தருகிறேன்" என்று எழுதித் தரத் தயங்குபவரிடம் 150 புடவைகளைக் கொடுக்காதீர்கள்.

காசிமேடுசரக்கு

மீன் ஏற்றுமதிக்குப் படம் அனுப்புகிறோம். வாங்குபவர் கண்ணையும் செவுளையும்தான் பார்க்கிறார். கண் தெளிவாக, செவுள் சிவப்பாக இருக்க வேண்டும். ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோகும் நேரத்தில் இரண்டும் மாறிவிடும். ஆகவே விடியற்காலை ஏலம் முடிந்ததும் துறைமுகத்திலேயே வந்து எடுக்க ஒப்புக்கொள்ளும் ஆள்தான் எங்களுக்கு வேண்டும். ஐஸ் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டியைக் கொண்டுவருகிறாரா என்று மட்டும் பார்ப்போம்.

ஆண்டர்சன்தெருமை

பாரிமுனையில் அச்சுத் தொழில். கேட்லாக் அடிக்கப்போகிறேன் என்று எழுதியிருப்பதால் உள்ளே வருகிறேன்.

ஜவுளிக்கடைக்காரர்கள் பலர் எங்களிடம் கொடுப்பது வாட்ஸ்அப்பில் வந்த படம். அது சுருங்கி வந்தது. போன் திரையில் அழகாகத் தெரியும். ஏ4 பக்கம் முழுக்க அச்சிட வேண்டுமானால் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 2480க்கு 3508 பிக்சல் வேண்டும். அது இல்லாமல் அச்சடித்தால் ஜரிகை வேலைப்பாடு கொசகொசவென்று கலைந்துவிடும். ஸ்டூடியோவிடமிருந்து மூலக் கோப்பை, அதாவது சுருக்காத முழு அளவுப் படத்தை, பென்டிரைவில் வாங்குங்கள். வாட்ஸ்அப்தான் வழி என்றால் டாக்குமென்ட் என்று போட்டு அனுப்பச் சொல்லுங்கள், அப்படியே வரும்.

இன்னொன்று, திரையில் தெரியும் எல்லா நிறத்தையும் காகிதத்தில் கொண்டுவர முடியாது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. நாங்கள் நான்கு மையால் காட்டுகிறோம். ராமர் நீலமும் கிளிப்பச்சையும் அச்சில் ஒரு படி மங்கித்தான் விழும். அதைத் திரையில் பார்த்தே ஒப்புக்கொண்டு, பிறகு 2,000 பிரதி அடித்தபின் எங்கள்மீது வருத்தப்படுவதில் பயன் இல்லை. அச்சடிக்கும் அதே தாளில் ஒரு புரூஃப் (மாதிரி அச்சு) எடுத்து, புடவைமேல் வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். பளபளத் தாளில் ஒரு நிறம், மேட் தாளில் வேறு நிறம் தெரியும்.

மிண்ட்தெருநகை

மூலக் கோப்பு பற்றி என் அனுபவம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்தபோது எங்களுக்குப் படம் எடுத்தவருடைய தரைத்தளத்து அறையில் தண்ணீர் புகுந்தது. ஹார்டு டிஸ்க் போயிற்று. மூன்று ஆண்டுப் படங்கள். எங்கள் கையில் இருந்தது இணையத்தில் ஏற்றிய சிறிய அளவு மட்டுமே. பல டிசைன்களை விற்றுவிட்டோம். மறுபடி எடுக்கப் பொருளே இல்லை. அவரும் பாவம், அவருடைய வாழ்நாள் உழைப்பு அதில் போனது. அன்றிலிருந்து வேலை முடிந்த அன்றே மூலக் கோப்புகளை வாங்கி, கடையில் ஒன்று, வீட்டு மாடியில் ஒன்று என்று இரண்டு இடத்தில் வைக்கிறேன்.

எம்சிரோடுஜவுளி

மூலக் கோப்பு கேட்டால் ஒருவர் "அது ஸ்டூடியோவின் சொத்து, தனிக் கட்டணம்" என்கிறார். அது சரியா?

கண்ணாடிவில்லை

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவைப் பாருங்கள். பணம் கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன ஒளிப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். "வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில்" என்பதுதான் முடிச்சு. விலைப்பட்டியலின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் உரிமை எங்களுக்கே என்று அச்சிட்டு, அதில் உங்கள் கையெழுத்தும் இருந்தால் கதை மாறிவிடும். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எங்கள் தொழில் ஆட்களுக்கும் சொல்கிறேன்: பதப்படுத்தாத ரா கோப்புக்குத் தனிக் கட்டணம் கேட்பதாக இருந்தால் அதை முன்பே சொல்லிவிடுங்கள். வேலை முடிந்தபின் கேட்பது முறையில்லை.

பெரம்பூர்தையல்

ஒரு சந்தேகம். புடவையைத் தரையில் விரித்து ஒரு படம் கொடுத்தால், செயற்கை நுண்ணறிவு அதை ஒரு பெண்ணுக்குக் கட்டிக் காட்டுகிறது. மாடல் கூலி மிச்சம். பலர் செய்கிறார்கள். நானும் குர்த்திக்கு முயன்றேன். அண்ணாவுக்குப் பயன்படுமா?

எம்சிரோடுஜவுளி

முயன்று பார்த்துவிட்டேன் தங்கை. பார்க்க அழகு. ஆனால் புடவையின் உடலில் இருந்த புட்டா (சிறு பூ வேலைப்பாடு) இடம் மாறிவிட்டது, கரையில் இருந்த அன்னப்பட்சி ஏதோ இலை மாதிரி ஆகிவிட்டது. நெய்தவர் நாள்கணக்கில் தறியில் உட்கார்ந்து போட்ட அன்னம் அது. அதை மாற்றிக் காட்டி விற்க மனம் ஒப்பவில்லை.

கண்ணாடிவில்லை

மனம் மட்டுமில்லை, சட்டமும் ஒப்பாது. 2020ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விற்பவருடைய விளம்பரம் பொருளின் உண்மையான தன்மையோடு ஒத்திருக்க வேண்டும். விளம்பரத்தில் காட்டிய தன்மை பொருளில் இல்லையென்றால் திரும்பப் பெற மறுக்கவும் கூடாது. அந்தக் கருவியைப் பின்னணி நீக்கப் பயன்படுத்துங்கள், நேரம் மிச்சம். அமேசானில் முதல் படத்துக்குத் தூய வெள்ளைப் பின்னணி வேண்டும், படப்பரப்பில் 85 சதவீதத்தைப் பொருள் நிறைக்க வேண்டும், பெரிதாக்கிப் பார்க்க நீளமான பக்கம் 1000 பிக்சலாவது இருக்க வேண்டும். அந்த வெட்டல் வேலையெல்லாம் அது செய்யட்டும். துணிக்குள் கை வைக்க விடாதீர்கள்.

ஒற்றியூர்லேத்

திருவொற்றியூரில் லேத், மில்லிங் வேலை. எங்களுக்கு நிறம் பொருட்டில்லை. காட்டும் விதம்தான் பொருட்டு. மொத்த வியாபாரிக்கு டேப்லெட்டில் காட்டப்போவதால் இது உங்களுக்கும் உதவும்.

மணலியில் ஒரு தொழிற்சாலைக்கு எங்கள் வேலையைக் காட்டப் போனோம். மகன் பவர்பாயின்டில் 40 பக்கம் அழகாகச் செய்திருந்தான், தலைப்பெல்லாம் தமிழில். அவர்கள் கணினியில் திறந்தால் எழுத்தெல்லாம் உடைந்து ஆங்கில எழுத்தும் குறியுமாக நின்றது. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது, யூனிகோடு இல்லை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் தெரியாது. மகன் முகம் வாடிவிட்டது. அதன்பின் எல்லாம் யூனிகோடு எழுத்துருதான், கொண்டுபோவது பிடிஎஃப்தான். எந்தக் கருவியில் செய்தாலும் கடைசியில் பிடிஎஃப் ஆக்கிவிட்டால் எழுத்தும் அமைப்பும் எந்தத் திரையிலும் ஒரே மாதிரி தெரியும்.

அன்று கற்ற இன்னொரு பாடம். கொள்முதல் மேலாளர் எங்களை உட்காரவைத்து 40 பக்கமும் பார்க்கவில்லை. "ஆறு பக்கம் மின்னஞ்சலில் அனுப்புங்கள், மேலே அனுப்புகிறேன்" என்றார். நாம் பக்கத்தில் இல்லாதபோது, நம்மைப் பார்த்தே இராத ஒருவர் அதைப் புரட்டப்போகிறார். அதற்கேற்றபடி மாற்றினோம். பக்கத்துக்கு ஒரே பாகம், அதன் அருகில் ஸ்டீல் ஸ்கேல் வைத்து எடுத்த படம், கீழே எந்த உலோகம், அளவு, பிசகு வரம்பு (அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்பது). பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்ததால் கடைசல் வரிகள் தெரிந்தன. எங்கள் மேற்பரப்பு எப்படி இருக்கும் என்று அதைப் பார்த்தே அவர்கள் புரிந்துகொண்டார்கள். ஆர்டர் வந்தது.

ஒரு எச்சரிக்கை: பழைய வாடிக்கையாளருக்குச் செய்த பாகத்தை அவர் அனுமதி இல்லாமல் யாரிடமும் காட்டாதீர்கள். வரைபட எண் தெரியும்படி படம் போட்டுவிட்டால் அடுத்தவர் நம்மிடம் வரைபடம் தரவே அஞ்சுவார்.

எம்சிரோடுஜவுளி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். ஐயா சொன்னபடி மூன்று புடவைகளையும் மூன்று இடத்தில் எடுத்தோம். நாள் கூலி 9,000 சொன்னவர் பெரிய விளக்குகள் வைத்திருந்தார், ஆனால் மயில் கழுத்து மறுபடியும் நீலமாகவே வந்தது. படத்துக்கு 60 சொன்னவர் ராணியைக் குழம்பாக்கிவிட்டார். புடவைக்கு 180 சொன்னவரிடம் நான் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை; தண்டையார்பேட்டையில் சின்ன இடம், ஆல்பமும் சுமார்தான். அவர் புடவையை வாங்கியதும் முதலில் ஜன்னலருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது பச்சை ஊடைதானே?" என்று கேட்டார். சாம்பல் அட்டை வைத்தார். இரண்டு கோணம் எடுத்துவிட்டு, மடிப்பை மெல்ல விரித்து மூடி 10 நொடி வீடியோ ஒன்றும் எடுத்தார்.

அப்பா வாசலில் நின்று மூன்றையும் பார்த்தார். தண்டையார்பேட்டைப் படத்தை நீண்ட நேரம் வைத்திருந்தார். "இவருக்கு நெசவுக்காரர் யாராவது சொந்தமா என்று கேள்" என்றார். கேட்டேன். அவருடைய அம்மா காஞ்சிபுரத்தில் தறி போட்டவராம்.

புடவைக்கு ஐந்து கோணம், ஒரு வீடியோ என்று கேட்டதும் 260 சொன்னார். பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டேன். நிறம் தவறினால் மறுபடி எடுத்துத் தருவதாகவும், மூலக் கோப்புகளை அன்றன்றே தருவதாகவும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வரும் திங்கள் காலை 8 மணிக்குத் தொடங்குகிறோம். திருநெல்வேலி அம்மாவுக்கு அந்த வீடியோவை அனுப்பினேன். "இப்படிக் காட்டியிருந்தால் இந்தப் பச்சைக்காகவே வாங்கியிருப்பேனே தம்பி, இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறார். ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆண்டர்சன்தெருமை

கேட்லாக் புரூஃப் பார்க்க வரும்போது அப்பாவையும் அழைத்துவாருங்கள். காலை 10 மணிக்குமேல் எங்கள் வாசலில் நல்ல வெளிச்சம் இருக்கும்.